கிளட்ச் போன கார்... வைத்துக்கொள்வதா, விற்பதா?

ஒன்றரை லட்ச ரூபாய் பழைய காருக்கு 68,000 ரூபாய் எஸ்டிமேட். முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்குகள்!

ஏற்காடு மலைப்பாதையில் சேலம் பக்கமிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வரை என் கார் ஒழுங்காகத்தான் ஏறியது. எட்டாவதில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். இன்ஜின் உறுமியது. ஆர்.பி.எம். முள் 2,000-லிருந்து 3,500-க்குத் தாவியது. வண்டி மட்டும் செக்குமாடு போல அதே வேகத்தில் ஊர்ந்தது. பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "ஏண்டா, ஏதோ கருகுற நாத்தம் வருதே?"

ஒன்பதாவது வளைவில் ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தால் புகை இல்லை, கசிவு இல்லை. கீழிருந்துதான் அந்தக் கருகல் வந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டு, வண்டியைத் திருப்பி, இரண்டாவது கியரிலேயே இறக்கி சேலம் வந்து சேர்ந்தோம். ஏற்காட்டில் சாப்பிட வேண்டிய மதியச் சாப்பாடு அஸ்தம்பட்டியில் முடிந்தது.

கார் 2012 மாடல் டீசல் செடான். ஓடியது 1,18,000 கிலோமீட்டர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மறுநாள் கொடுத்த எஸ்டிமேட், 68,000 ரூபாய். பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவரைக் கேட்டேன். "நல்லா ஓடுற கண்டிஷன்ல இருந்தா ஒண்ணரை லட்சம் போகும். கிளட்ச் போன வண்டின்னா தொண்ணூறுக்கு மேல யாரும் தொட மாட்டாங்க" என்றார்.

அதன்பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு. சர்வீஸ் அட்வைசர்: "இவ்வளவு செலவு பண்ணி இதை வெச்சிருக்கணுமா சார்? எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது." மச்சான்: "மாப்ள, தலைமுழுகிடுங்க. இன்னிக்கு கிளட்ச், நாளைக்கு டர்போ." சூரமங்கலத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்: "வண்டிக்கு என்னங்க கொறச்சல்? பிளேட்டுதானுங்க போயிருக்கு. அதுக்குப் போயி வண்டியவே விப்பாங்களா?"

மூவரில் முதல் இருவரும் என் காரைப் பற்றிப் பேசவே இல்லை, எஸ்டிமேட்டைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

மழுங்கிய அம்மி

இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரமோ நிற்கவும் வேண்டும், நகரவும் வேண்டும். இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்சின் வேலை. இன்ஜினோடு சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். அதன்மீது ஒட்டி உட்காரும் வட்டத் தகடு கிளட்ச் பிளேட். அதைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதித்ததும் அந்தப் பிடியைத் தளர்த்துவது ரிலீஸ் பேரிங். பெடலில் கால் இல்லாதபோது எல்லாம் இறுகி ஒன்றாகச் சுற்றும். பெடலை முழுதாக மிதித்தால் பிரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கால் நிற்கும்போதுதான் உராய்வு, சூடு, தேய்மானம் எல்லாம்.

வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பு இருக்கும்வரை மிளகாய் அரைபடும். வருடக்கணக்கில் அரைத்து வழவழப்பாகிவிட்டால் குழவி சறுக்கும். மிளகாய் நசுங்குமே தவிர மசியாது. தேய்ந்த கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான். இன்ஜின் முழு பலத்தோடு சுற்றும். பிடி இல்லாததால் அந்த பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மலையில் என் காருக்கு நடந்தது அதுதான்.

அம்மி மழுங்கினால் தூக்கி எறிந்த வீடு எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. "அம்மி கொத்தலையோ" என்று குரல் கொடுத்து வருபவரைக் கூப்பிட்டுக் கொத்தி வாங்குவார்கள். தேய்வதற்கென்றே செய்த பாகம் தேய்ந்தால் அது காரின் நோய்க்கு அறிகுறி ஆகாது. பிரேக் பேட், டயர், வைப்பர் வரிசையில் வருவது கிளட்ச். மற்றவை வெளியே இருப்பதால் செலவு சிறிதாகத் தெரிகிறது. கிளட்ச் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஒளிந்திருப்பதால் பயமுறுத்துகிறது.

எவ்வளவு ஓடும்? அது ஓட்டுபவரின் இடது காலைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரையும் ஒரே கிளட்ச்சில் தாண்டும். சிக்னலுக்குச் சிக்னல் ஹாஃப் கிளட்சில் நிற்பவர், ஏற்றத்தில் பிரேக் போடாமல் கிளட்சாலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பவர், பெடலை கால்மணை போலப் பயன்படுத்துபவர் எல்லாம் 40,000 கிலோமீட்டரிலேயே மெக்கானிக்கைத் தேடுவார்கள். அதனால்தான் கிளட்ச் தேய்மானம் பொதுவாக வாரன்ட்டியிலும் வராது, மோட்டார் இன்ஷூரன்ஸிலும் வராது. முழுச் செலவும் நம் பையிலிருந்துதான்.

கிளட்ச்தானா? முதலில் அதைப் பாருங்கள்

பணத்தைப் பற்றி யோசிக்கும் முன் நோயைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளட்ச் கோளாறு என்று வரும் வண்டிகள் எல்லாவற்றிலும் பிளேட் போயிருக்காது.

கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது, பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது என்றால் அது பிளேட் தேய்ந்ததன் அறிகுறியாக இருக்க வாய்ப்பு குறைவு. கேபிள் வண்டியென்றால் கேபிள் நீண்டு தளர்ந்திருக்கலாம். ஹைட்ராலிக் வண்டியென்றால் ஆயில் கசிந்து சிலிண்டர் வீக் ஆகியிருக்கலாம். இவை கியர் பாக்ஸில் கை வைக்கத் தேவையில்லாத சின்ன வேலைகள். சில மாடல்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். அங்கே மட்டும் விதிவிலக்கு.

பெடலை மிதிக்கும்போது மட்டும் சீறல் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மழையில் மாதக்கணக்காக நின்ற கார் கியரே ஏற்கவில்லை என்றால், பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். பதமாக விடுவித்தால் அதே பிளேட் மறுபடி ஓடும்.

உண்மையிலேயே தேய்ந்த கிளட்ச் எப்படித் தெரியும்? மேடேறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பெடல் மிக மேலே வந்தபிறகுதான் வண்டி பிடிக்கும். கருகல் நாத்தம் வரும். மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை உண்டு. முன்னால் ஆள் இல்லாத சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, பிரேக்கையும் மிதித்து, மூன்றாவது கியர் போட்டு கிளட்ச்சை மெதுவாக விடுவார்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் சறுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும்; திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகிவிடும்.

என் காரில் மெக்கானிக் அதைச் செய்தார். இன்ஜின் அணையவே இல்லை. நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பேச ஒன்றும் இல்லை.

'கிளட்ச் பெடலே இல்லாத வண்டி, எனக்கென்ன கவலை' என்று ஏ.எம்.டி. கார்க்காரர்கள் நினைக்க வேண்டாம். 2014-ல் செலேரியோ கொண்டுவந்த அந்த வகை ஆட்டோமேட்டிக்கில் இருப்பது வழக்கமான கிளட்ச்தான். நம் காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் அதை இயக்குகிறது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் அங்கேயும் கருகும்.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழி கிளட்ச் வேலைக்கு அப்படியே பொருந்தும். தேய்ந்து போவது உராய்வுப் பட்டை ஒட்டிய ஒரு தகடு. அதைத் தொடுவதற்குச் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, கியர் பாக்ஸை முழுதாக இறக்க வேண்டும். அதனால்தான் பிளேட்டை மட்டும் தனியாக மாற்றுவதில்லை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் 'செட்' ஆகப் போடுவார்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய பேரிங்கை விட்டுவைத்தால், அது ஆறு மாதத்தில் கத்தும்போது அதே சுமைகூலியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

அதே காரணத்துக்காக, கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. இன்ஜின் பின்பக்க ஆயில் சீல், ஷாஃப்ட் சீல்கள், கியர் ஆயில், ரிலீஸ் ஃபோர்க், இன்ஜின் மவுன்ட்டிங். குறிப்பாக அந்தப் பின்பக்க சீல். அதிலிருந்து ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டால் புது கிளட்சும் சறுக்கும்.

என் எஸ்டிமேட்டின் பெரிய தொகை எது என்று பார்த்தால் கிளட்சே இல்லை. 68,000-ல் கிளட்ச் செட் 21,000, கூலி 11,000, சீல், ஆயில் வகையறா 3,500, ஃப்ளைவீல் 32,500. பல டீசல் கார்களில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல். ஒரே இரும்புத் துண்டுக்குப் பதிலாக இரண்டு பகுதிகள், நடுவில் ஸ்பிரிங்குகள். டீசல் இன்ஜினின் உதறல் கியர் பாக்ஸுக்குப் போகாமல் உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண ஃப்ளைவீல் சூட்டில் கோடு விழுந்தால் லேத்தில் கொடுத்து மேல்பரப்பைச் சமன் செய்து போட்டுவிடலாம். டூயல் மாஸில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி.

ஆனால், எல்லா முறையும் அது போயிருக்க வேண்டும் என்றில்லை. கையால் திருப்பிப் பார்த்தால் இரு பகுதிகளுக்கும் இடையே எவ்வளவு ஆட்டம் என்று தெரியும். கம்பெனி சொல்லும் அளவுக்குள் இருந்தால் அதே ஃப்ளைவீல் ஓடும். கழற்றிப் பார்க்காமலே அதை எஸ்டிமேட்டில் சேர்த்திருந்தால், "இறக்கினதும் கூப்பிடுங்க, நேர்ல பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எனக்கு அதிர்ஷ்டம் இல்லை. என்னுடையது கதவுக் கீல் மாதிரி ஆடியது.

அடுத்தது பெட்டி விஷயம். கார் கம்பெனிகள் பெரும்பாலும் கிளட்சைத் தாங்களே செய்வதில்லை. வேலியோ, லுக், எக்ஸெடி, சாக்ஸ் போன்ற நிறுவனங்களிடம் வாங்குகின்றன. லுக் கிளட்ச் நம் ஓசூரிலேயே தயாராகிறது. கார் கம்பெனியின் முத்திரை போட்ட பெட்டியில் வந்தால் ஒரு விலை. தயாரித்தவரின் சொந்தப் பெட்டியில் சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் வாங்கினால் வேறு விலை. சூரமங்கலம் மெக்கானிக் அப்படி வரவழைத்துப் போட்ட கணக்கு: செட் 14,500, ஃப்ளைவீல் 22,000, கூலி 6,500, மற்றவை 3,000. ஆக 46,000. கம்பெனி எஸ்டிமேட்டைவிட 22,000 குறைவு.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. சென்னை புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர்ஸ் கடைகளில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், ஹெட்லைட்டும் வாங்கலாம். பழைய கிளட்ச் பிளேட் வாங்கக்கூடாது. எவர் கால் எத்தனை நாள் அரைத்ததோ, யாருக்குத் தெரியும்? பழைய தகட்டில் புதுப் பட்டை ஒட்டிக் கொடுக்கும் வேலை டிராக்டருக்கும் லாரிக்கும் பழக்கத்தில் உண்டு. காருக்கு அதில் மிச்சமாகும் பணம், இரண்டாவது முறை கியர் பாக்ஸ் இறக்கும் கூலிக்குக்கூடக் காணாது.

'பாதி விலை' விதி ஏன் தப்பு?

ரிப்பேர் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் காரை விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் உரசிப் பார்த்தால் சாயம் போகும்.

காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது. ஸ்பேர்ஸ் விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை. ஆகவே எவ்வளவு நல்ல காரும் ஒருநாள் இந்த விதியில் தோற்றே தீரும். அப்போது கெட்டுப்போனது கார் என்று சொல்ல முடியாது. சந்தை விலை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 2025 செப்டம்பர் 22-ம் தேதி சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆனது. புது கார் விலை குறைந்தால் பழைய கார் விலையும் கூடவே இறங்கும். அன்று காலையில் உங்கள் காரில் ஒரு போல்ட்கூடத் தளரவில்லை. 'பாதி விலை' விதிப்படி மட்டும் அது ஒரே இரவில் மோசமாகிவிட்டது!

காரின் விலை என்பது இன்னொருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை. இன்ஷூரன்ஸ் பாலிசியில் காரின் மதிப்பாகக் காட்டும் ஐ.டி.வி.யும் இதற்கு உதவாது. ஐந்து வருடத்தைத் தாண்டிய காருக்கு அது கம்பெனியும் நீங்களும் பேசி ஒப்புக்கொண்ட எண். நாம் கேட்க வேண்டியது வேறு. 'இந்தப் பணத்தைப் போட்டால் எனக்கு எத்தனை மாதம் ஓடும்? போடாவிட்டால் அத்தனை மாதத்துக்கு வேறு வழியில் எவ்வளவு ஆகும்?'

விற்பதாக இருந்தாலும் இந்தக் கணக்கு உதவும். ஓடும் நிலையில் 1,50,000. கிளட்ச் போன நிலையில் 90,000. வித்தியாசம் 60,000. கம்பெனியில் 68,000 கொடுத்துச் சரிசெய்து விற்றால் 8,000 நஷ்டம். வெளியில் 46,000-க்குச் செய்து விற்றால் 14,000 மிச்சம். எங்கே வேலை கொடுக்கிறோம் என்பதிலேயே விடை மாறிவிடுகிறது.

மாதக் கணக்கு

நான் காரை இன்னும் மூன்று வருடம் வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டேன். கிளட்ச் 46,000. நடுவில் 2027-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம், பசுமை வரி, பரிசோதனைக்குமுன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் எல்லாவற்றுக்கும் 20,000 ஒதுக்கினேன். மொத்தம் 66,000. 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,833 ரூபாய்.

மறுபக்கம், புது கார். 6 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் இ.எம்.ஐ. சுமார் 12,455 ரூபாய். அதில் முதல் வருடம் வட்டியாக மட்டும் போவது ஏறக்குறைய 50,000. என் கிளட்ச் செலவைவிட அதிகம். ஐந்து வருட வட்டியைக் கூட்டினால் சுமார் 1,47,000. கிட்டத்தட்ட என் காரின் முழு விலை. முன்பணம், முதல் வருட இன்ஷூரன்ஸ், ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விழும் விலை எதையும் இதில் நான் சேர்க்கவில்லை.

'அப்படியென்றால் 3 லட்சத்தில் வேறொரு பழைய கார்?' என்று மச்சான் கேட்டார். அதன் கிளட்சை யார் எப்படி மிதித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் காரில் எது எப்போது மாற்றியது என்பது தெரியும். வாங்கிய ஆறாவது மாதமே அதற்கும் ஒரு கிளட்ச் போட வேண்டி வந்தால்? பழைய காரை விட்டு இன்னொரு பழைய காருக்குப் போகிறவர், தெரிந்த குறைகளைக் கொடுத்துவிட்டுத் தெரியாத குறைகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

கணக்கில் ஒரு பொறியும் உண்டு. "போன தீபாவளிக்குத்தான் நாலு டயரும் மாத்தினேன், பேட்டரி போட்டேன், அதனால விற்க மனசு வரலை" என்பார்கள். போட்ட பணம் போட்டதுதான்; அதை இந்த முடிவுக்குள் இழுக்கக்கூடாது. டயரில் இன்னும் 30,000 கிலோமீட்டர் ஓட்டம் பாக்கியிருக்கிறது என்றால் அது கணக்கில் வரும். அதற்கு நான் கொடுத்த தொகை வராது.

வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்கள் மூன்றாவது வழியையும் பார்க்கலாம். காரே இல்லாமல் டாக்ஸி, பஸ், ரயில். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், நிறுத்த இடம் எல்லாவற்றையும் கூட்டினால் அது மலிவாக இருப்பது உண்டு. அம்மாவை மாதம் இரண்டுமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

தட்டிப் பார்க்கும் வேலை

எங்கள் தெருவுக்கு வரும் அம்மி கொத்துபவர் உளியை எடுத்ததும் வேலையை ஆரம்பிக்க மாட்டார். கல்லைப் பல இடத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மியைத் தட்டிவிட்டு, "இது கீறல் விட்டிருச்சும்மா, கொத்துனா ரெண்டாப் போயிரும். காசு வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

கிளட்சுக்குப் பணம் கட்டும் முன் காரையும் அப்படித் தட்டிப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது கிளட்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

முதலில் அடிப்பாகம். லிஃப்டில் ஏற்றச் சொல்லி, தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, சஸ்பென்ஷன் பொருத்தும் இடங்கள் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மேலே படிந்த துரு பரவாயில்லை. முனை உள்ளே போனால், கதை வேறு. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வளர்ந்த காருக்கு இந்தச் சோதனை கட்டாயம். அடுத்து இன்ஜின். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? சைலன்சரில் நீலப் புகையா? கூலன்ட் காரணமில்லாமல் குறைகிறதா? பிறகு கியர் பாக்ஸ். ஏதாவது ஒரு கியரில் மட்டும் ஊளை கேட்கிறதா? வெள்ளத்தில் மூழ்கிய காரா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற எத்தனையோ சென்னைக் கார்களின் ஒயரிங்குக்குள் துரு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த இரண்டு கார்களைச் சொல்கிறேன். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2008 மாடல் சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். அடிப்பாகம் சுத்தம். இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடும். கிளட்ச் செட், கூலி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை. போட்டார், ஓட்டுகிறார். தூத்துக்குடியில் என் சித்தப்பாவின் காரும் ஏறக்குறைய அதே வயதுதான். அதற்கும் 8,000 ரூபாய் கிளட்ச்தான் எஸ்டிமேட். லிஃப்டில் ஏற்றியபோது டிரைவர் சீட்டுக்குக் கீழே உப்புக்காற்று இரண்டு விரல் நுழையும் ஓட்டை போட்டிருந்தது. அந்த 8,000-ம் வீண் என்று சித்தப்பா முடிவெடுத்தது சரி. 46,000 போடத் தகுந்த காரும் உண்டு, 8,000 போடத் தகாத காரும் உண்டு.

பணக் கணக்குக்கு அடங்காத ஒன்றும் இருக்கிறது. எல்லா புது கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய காரில் இவை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தினமும் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு போகிறவரின் காரில் இரண்டுமே இல்லை என்றால், கிளட்ச் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறு காரை நினைப்பதில் தவறில்லை.

ஆர்.சி. சொல்லும் தேதி

காரின் உடம்பு ஒரு வயதைச் சொல்லும்; ஆர்.சி. இன்னொரு வயதைச் சொல்லும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் பரிசோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அதை 10,000 ஆக்கினார்கள். டெல்லியில் 10 வருட டீசல் காருக்கும் 15 வருட பெட்ரோல் காருக்கும் நீதிமன்றம் வரை போன தடைச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி வயது வரம்புத் தடை இல்லை. தகுதி இருந்தால் ஓட்டலாம். ஆகவே பதிவு முடிய நான்கு மாதம் இருக்கும் காருக்கு கிளட்ச் போடுகிறவர், புதுப்பிக்கும் செலவையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

விட்டுவிடுவது என்று முடிவானால், பேரீச்சம்பழக் கடைக்குப் போடுவது மட்டும்தான் வழி என்றில்லை. 2021 ஆகஸ்ட்டில் வந்த வாகன அழிப்புக் கொள்கையின்படி பதிவுபெற்ற மையத்தில் காரை ஒப்படைத்தால், புது காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவிகிதம் வரை பழைய இரும்பு மதிப்பாகக் கிடைக்கலாம் என்பது அரசு சொன்ன கணக்கு. கூடவே தரும் சான்றிதழைக் காட்டினால் அடுத்த சொந்தக் காரின் சாலை வரியில் மாநில அரசுகள் 25 சதவிகிதம் வரை சலுகை தரலாம். எந்த வழியில் கொடுத்தாலும் ஆர்.சி.யை முறையாக ரத்து செய்யவோ பெயர் மாற்றவோ மறக்காதீர்கள். விற்ற கார் எங்கோ விபத்தில் சிக்கி, நோட்டீஸ் நம் வீட்டுக்கு வந்த கதைகள் நிறைய.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

• செட்டாகப் போடுகிறீர்களா, பிளேட் மட்டுமா? எந்தக் கம்பெனி? பெட்டியை எனக்குக் காட்டுவீர்களா?

• ஃப்ளைவீல் சாதாரணமா, டூயல் மாஸா? கழற்றிய பிறகு நான் வந்து பார்க்கலாமா?

• பின்பக்க ஆயில் சீல், கியர் ஆயில் இந்தக் கூலிக்குள் வருமா?

• ஹைட்ராலிக் வண்டியென்றால் ஆயில் மாற்றி ஏர் எடுத்துக் கொடுப்பீர்களா?

• மறுபடி சறுக்கினால் கூலிக்கு எத்தனை மாதம் பொறுப்பு?

• கழற்றிய பழைய பாகங்களை என்னிடம் தருவீர்களா?

புது கிளட்ச் போட்டபின்...

முதல் 500 கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும். புதுப் பட்டை ஃப்ளைவீலோடு சீராக உட்கார அவகாசம் தேவை. கியர் மாற்றியதும் இடது காலைப் பெடலை விட்டு எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சிக்னலில் முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி காத்திருக்காமல் நியூட்ரலுக்கு வாருங்கள். மேட்டில் நின்று கிளம்ப ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் முன்வண்டியின் பம்பரை முத்தமிடும் அளவு நெருங்காமல், பத்தடி இடம் விட்டு ஒரேயடியாக நகருங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா ஆகாது. என் 1,18,000 கிலோமீட்டரில் பாதியையாவது இந்தப் பழக்கங்களோடு ஓட்டியிருந்தால், அந்த எட்டாவது வளைவு வேறு மாதிரி போயிருக்கும்.

சூரமங்கலத்தில் காரை லிஃப்டில் ஏற்றினார்கள். அடிப்பாகத்தை நானே ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டே வந்தேன். எங்கும் உள்ளே போகவில்லை. ஆயில் மூடியைத் திறந்தோம், புகை இல்லை. "வேலையை ஆரம்பிங்க" என்றேன்.

மூன்றாம் நாள் மாலை போனபோது பழைய பிளேட்டைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். பட்டை தேய்ந்து ரிவெட் தலைகள் மினுமினுத்தன. விரலால் தடவிப் பார்த்தேன்; கண்ணாடி மாதிரி இருந்தது.

"உக்காருங்க, நீங்களே பாருங்க" என்றார். ஹேண்ட்பிரேக்கை இறுக்கினேன். பிரேக்கை மிதித்தேன். மூன்றாவது கியர். கிளட்ச்சை மெதுவாக விட்டேன். பெடல் பாதிகூட மேலே வரவில்லை. கார் ஒருமுறை குலுங்கியது, இன்ஜின் 'டப்' என்று அணைந்தது.

இன்ஜின் அணைந்ததற்காக நான் சிரித்தது அன்று ஒருநாள்தான். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏற்காடு எப்பங்க?"